நூற்றைம்பது பேர் நடுவே தனியாக: ஒரு மருத்துவ மாணவரின் கடிதத்துக்குப் பதில்

மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கும் ஒரு மாணவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, அதன் சாரத்தை மட்டும் முதலில் சொல்கிறேன்.

பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்தவர். கல்லூரியில் முதலாண்டு உடற்கூறியலில் தோற்றார். மறுதேர்வில் தேறிவிட்டாலும் அந்த அவமானம் போகவில்லை. ‘நண்பர்களோடு உட்கார்ந்து பேசிய நேரமெல்லாம் படித்திருந்தால் தோற்றிருக்க மாட்டேன்’ என்று முடிவு கட்டி, நெருங்கிய அறைத்தோழரை விட்டுத் தனி அறைக்கு மாறினார். கூட்டம் கலைந்த பிறகுதான் மெஸ்ஸுக்குப் போகிறார். அந்த நண்பர் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் போட்டு எட்டு மாதம் ஆகிறது. மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. ஆனால் முன்பு ஒரு மணி நேரத்தில் படித்த பாடத்துக்கு இப்போது மூன்று மணி நேரம் ஆகிறது என்றும் அவரே எழுதுகிறார்.

இந்த ஆண்டு வார்டுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். இதயச் செயலிழப்போடு படுத்திருந்த ஒரு முதியவரை மூன்று வாரம் தினமும் காலையில் பார்த்திருக்கிறார். பெரியவர் இவரை ‘டாக்டர் தம்பி’ என்றுதான் கூப்பிடுவாராம். ஒருநாள் காலை அந்தப் படுக்கையில் வேறொருவர் இருந்தார். மருத்துவர்கள் படுக்கை படுக்கையாகப் பார்த்துவரும் ரவுண்ட்ஸ் நிற்கவில்லை. ‘புது பேஷண்ட், ஹிஸ்டரி எடுங்கள்’ என்றார்கள், எடுத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நோயாளிகளைப் படுக்கை எண்ணாலேயே நினைப்பதாகவும், எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்றும் எழுதுகிறார். இரண்டு மாதமாக நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை.

அவர் கேட்பவை மூன்று. யாருடைய துணையும் தேவைப்படாமல் இருக்க மனதைப் பழக்குவது எப்படி? மனநல மருத்துவரைப் பார்த்தால் அது பதிவாகி எதிர்காலத்தைக் கெடுக்குமா? பேசாமல் படிப்பை விட்டுவிடலாமா? கடிதத்தின் கடைசி வரி இது: ‘சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. பயப்பட வேண்டாம், எதுவும் செய்துகொள்ள மாட்டேன்.’

அன்புள்ள தம்பிக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன்

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பிறகு வருகிறேன். அந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ‘பயப்பட வேண்டாம்’ என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்கிறீர்கள். நாளைக்கு ஒரு நோயாளி உங்களிடம் இதையே சொன்னால் நீங்கள் ஆறுதலாகி அடுத்த படுக்கைக்குப் போய்விடக் கூடாது. நானும் போகப் போவதில்லை.

திட்டம் எதுவும் இல்லாமல், இல்லாமற் போனால் தேவலை என்று தோன்றுவதும் மனச்சோர்வின் முக்கியமான அறிகுறிதான். அது ஒரே அளவில் நிற்காது. தூக்கமில்லாத ஒரு இரவு, ஒரு மோசமான வைவா (வாய்மொழித் தேர்வு), அது சட்டென்று கனத்துவிடும். மருந்துகளைப் பற்றிய அறிவும் அவை கைக்கெட்டும் வசதியும் உள்ளவர்களுக்கு எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரம் குறைவு. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே அந்த எண்ணத்தோடு ஒரு வழியோ நேரமோ சேர்ந்துகொண்டால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள், அவரோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நீங்கள் தினமும் நடக்கும் அதே கட்டடம்தான், இந்த முறை நோயாளியாகப் போகிறீர்கள். அறையில் தேவையில்லாத மாத்திரைகள் இருந்தால் இன்றே வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

‘வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் சமாளித்துக்கொள்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் மறுத்தே ஆக வேண்டும். 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி மாணவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. சுமார் 11 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. பெரும்பாலும் கேள்வித்தாள் வைத்து எடுத்த கணக்கு என்பதால் இவர்கள் எல்லோருக்கும் நோய் உறுதியானது என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வேறொரு எண்தான் மனதில் நிற்கிறது: மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்கள் 16 சதவீதத்துக்கும் குறைவு. 150 பேர் உள்ள உங்கள் வகுப்புக்கு இந்த விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர், அதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வாய் திறக்காமல் வந்துபோகிறார்கள். நீங்கள் அவர்கள் முகத்தைப் பார்த்து ‘சமாளிக்கிறான்’ என்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து அவர்களும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆள் தேவைப்படாமல் இருக்க முடியுமா?

முடியாது, தம்பி. எவ்வளவு பழகினாலும் வராத பழக்கம் இது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், 1980களிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு கோட்பாட்டில், மனித மனத்துக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்கிறார்கள். என் செயலை நானே விரும்பித் தேர்ந்தேன் என்ற உணர்வு ஒன்று. என்னால் முடிகிறது என்ற உணர்வு இன்னொன்று. எனக்கு ஆள் இருக்கிறது, நானும் ஒருவருக்கு வேண்டியவன் என்ற பிணைப்பு மூன்றாவது. இவற்றை ‘விருப்பங்கள்’ என்று சொல்லாமல் ‘தேவைகள்’ என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரும்பியது கிடைக்காவிட்டால் ஏமாற்றம்தான் வரும். தேவையானது கிடைக்காவிட்டால் ஆள் மெலிவான். தண்ணீர் இல்லாமல் வாழப் பழகிக்கொள்கிறேன் என்று ஒரு நோயாளி சொன்னால் நீங்கள் அவருடைய மன உறுதியைப் பாராட்ட மாட்டீர்கள், சிறுநீரகம் என்ன ஆகுமோ என்றுதான் கவலைப்படுவீர்கள்.

மருத்துவப் படிப்பு இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் இறுக்குகிறது. எழுவதும் நிற்பதும் வேறு யாரோ போட்ட கால அட்டவணைப்படி. எங்கே பேச வேண்டும், எங்கே வாய் மூடி நிற்க வேண்டும் என்பதைப் பதவி வரிசை தீர்மானிக்கிறது. தெரியாததைத் தேடித் தேடிக் கேட்கும் கேள்விகள் தினமும் உண்டு. தெரிந்ததை யாரும் கேட்பதில்லை. இப்படி முதல் இரண்டும் அடிபடும்போது மாணவரைத் தாங்கிப் பிடிப்பது மூன்றாவதான பிணைப்புதான். அதை நீங்கள் உங்கள் கையாலேயே அவிழ்த்துவிட்டீர்கள். கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. தோற்றபோது காரணம் ஒன்று தேவைப்பட்டது, நட்புதான் கண்ணில் பட்டது.

ஆனால் அந்தக் காரணம் சரியா? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. தனி அறைக்கு மாறிய பிறகு ஒரு மணி நேரப் பாடம் மூன்று மணி நேரமாகிவிட்டது. மனச்சோர்வும் தூக்கக் குறைவும் கவனத்தையும் நினைவாற்றலையும் நேரடியாகப் பாதிக்கும். நட்பைக் குறைத்து நீங்கள் மிச்சம் பிடித்த நேரத்தை இந்த மந்தம் தின்றுவிட்டது. அப்புறம், வார்டுப் படிப்பை ஒருவர் மட்டும் உட்கார்ந்து படிக்கவும் முடியாது. கேஸ் சொல்லிப் பழக, அதாவது ஒரு நோயாளியின் விவரத்தை முறையாக எடுத்துச் சொல்லிப் பழக, எதிரே ஒருவர் கேட்க வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் பழக உங்களுக்காக ஒருவர் படுக்க வேண்டும். ‘நேற்றைவிட இன்று நன்றாகச் சொன்னாய்’ என்பதைப் புத்தகம் சொல்லாது.

வகுப்பு வாட்ஸப் குழுவில் 150 பேர் இருந்தும் தனிமை எப்படி வந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு வட்டத்தில் சேராமல் வெளியே நிற்கும் தனிமை ஒன்று; மனதைத் திறக்கும் அளவு நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பாது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமானது. உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. அதனால் நாளை முதல் எல்லோரோடும் கலகலப்பாகப் பழகுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தேவை ஒருவர், கூடினால் இருவர்.

அந்தப் பெரியவர்

இந்தக் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத விஷயம் இதுதான். எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் வேலையின் அழுத்தத்தால் ஆள் எரிந்து தீர்ந்துபோவதற்கு (பர்ன்அவுட்) மூன்று முகங்கள் சொல்வார். உள்ளம் வற்றிப்போவது, தான் செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது, எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் ஒரு பொருளாகப் பார்ப்பது. படுக்கை எண்ணாகவே நினைப்பது இந்த மூன்றாவது. ‘நான் கல்லாகிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று வாரம் பழகிய மனிதர் இறந்திருக்கிறார், அது துக்கம். துக்கத்தை வைக்க இடம் கிடைக்காதபோது மனம் மரத்துப்போகிறது. இன்னொருவருடைய பெயரைத் தெரிந்துகொண்டால் இன்னொரு முறை வலிக்கும் என்று அது உங்களைக் காக்கப் பார்க்கிறது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது என் பொறுப்பில் முதலில் இறந்தவர் ஒரு இளம்பெண். இறப்புச் சான்றிதழ் எழுதும்போது என் கை நடுங்கியது. இரவுப் பணியில் இருந்த மூத்த செவிலியர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ‘உட்காருங்க டாக்டர், ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆகாது’ என்றார். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. ரவுண்ட்ஸில் இருந்தவர்கள் கொடியவர்களாக இருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் அவர்கள் காலத்தில் யாரும் நாற்காலி இழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது தவறு, அதைத் தவறு என்றே சொல்ல வேண்டும்.

இப்போதும் தாமதமாகிவிடவில்லை. அந்த வார்டில் பெரியவரைத் தெரிந்த ஒருவர் இருப்பார்: ஒரு செவிலியர், ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு முதுகலை மாணவர். அவரிடம் போய், ‘அவர் கடைசியில் எப்படி இருந்தார்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1950களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற மருத்துவர், தங்கள் நோயாளிகள் தங்கள் மனதில் ஏற்படுத்தும் பாதிப்பைப் பேசுவதற்காகவே மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்தார். பாலின்ட் குழுக்கள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன. அனுபவமுள்ள மருத்துவர்களே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் விஷயத்தை, மூன்றாம் ஆண்டு மாணவர் தனியாக விழுங்கிவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க நியாயமில்லை.

அறைத்தோழருக்கு என்ன எழுதுவது?

‘எட்டு மாதம் கழித்து எந்த முகத்தோடு பேசுவேன், அவன் வெறுத்திருப்பான்’ என்கிறீர்கள். ‘நான் உள்ளே போனதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்’ என்றும் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் வருகிறது. இருக்கலாம். ஆனால் தனிமையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் கசியோப்போ சொன்ன ஒன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: தனிமை நீடிக்கும்போது மனம் ஒதுக்கலின் அறிகுறிகளைத் தேடத் தொடங்கிவிடுகிறது. யாரோ சாதாரணமாகப் பேச்சை நிறுத்தியதும் நம்மைப் பற்றியதாகத் தெரியும். உடனே விலகுவோம், விலகுவதைப் பார்த்து அவர்களும் விலகுவார்கள்.

நீளமாக மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம், எழுதினால் அனுப்ப மாட்டீர்கள். இவ்வளவு போதும்: ‘பதில் போடாம விட்டது என் தப்பு. ரொம்ப நாளா நான் சரியா இல்ல. இந்த வாரம் ஒரு நாள் சேர்ந்து நடக்கலாமா?’ அவர் கோபப்படலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. பதிலே வராமலும் போகலாம். அப்படியானால் உங்கள் யூனிட்டில் பேசுவதற்குக் கொஞ்சம் எளிதாகத் தோன்றும் ஒருவரிடம், வாரத்தில் இரண்டு மாலை கேஸ் சொல்லிப் பழகலாமா என்று கேளுங்கள். உதவி கேட்பதைவிடச் சேர்ந்து ஒரு வேலை செய்யக் கேட்பது உங்களைப் போன்ற கூச்ச சுபாவக்காரருக்குச் சுலபம்.

ஆனால் வேலையோடு நிறுத்திவிட வேண்டாம். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்கிட்டார்: மேலோட்டமான நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். வகுப்பிலும் வேலையிலும் வெறுமனே சேர்ந்து இருந்த நேரம் அவ்வளவாக உதவவில்லை, ஓய்வாகக் கழித்த நேரமும் அன்றாடப் பேச்சும்தான் நெருக்கத்தைக் கூட்டின. ஒரே வார்டில் ஆறு மாதம் தோளோடு தோள் நின்றும் அந்நியர்களாக இருக்கிறோமே என்று நீங்கள் வியந்ததற்கு விடை இதில் இருக்கிறது. கேஸ் முடிந்ததும் உடனே எழுந்து போகாமல் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். மெஸ்ஸுக்குக் கூட்டம் இருக்கும்போதே போங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, வாரத்தில் மூன்று வேளையாவது.

சிகிச்சையும் பதிவும்

மனநல மருத்துவரிடம் நீங்கள் சொல்வது ரகசியம். உயிருக்கு உடனடி ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் கல்லூரிக்கோ வீட்டுக்கோ சொல்லக் கூடாது. பதிவேடு, உரிமம் பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: ‘என்ன எழுதுவீர்கள், யார் பார்ப்பார்கள், எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வீர்கள்?’ நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். உங்களுக்கு மதிப்பெண் போடுபவரே சிகிச்சையும் தருபவராக இருக்கக் கூடாது. கல்லூரி அப்படி ஒருவரிடம் அனுப்பினால் வேறொருவர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வெளியே ஒருவரைப் பார்ப்பதும் சரிதான்.

சிகிச்சை எடுத்தால் எதிர்காலம் கெடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பார்த்தவரை எதிர்காலத்தைக் கெடுப்பது சிகிச்சை எடுக்காத மனச்சோர்வுதான். நீங்கள் ஒருநாள் எடுக்கப்போகும் உறுதிமொழியும் இதைச் சொல்கிறது. உலக மருத்துவச் சங்கம் 1948ல் ஏற்றுக்கொண்ட ஜெனீவாப் பிரகடனத்தை 2017ல் திருத்தியபோது புதிதாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள்: மிக உயர்ந்த தரத்தில் சிகிச்சை தருவதற்காக மருத்துவர் தன் உடல்நலத்தையும் நலவாழ்வையும் கவனித்துக்கொள்வார் என்பது அதன் சாரம்.

உங்களுக்கு வந்திருப்பது மனச்சோர்வு நோய்தானா என்பதைக் கடிதத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்லக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடின்மை, தூக்கக் குறைவு, கவனம் சிதறல், சாவு பற்றிய எண்ணம் எல்லாம் சேர்ந்திருப்பதால் பரிசோதனை கட்டாயம் தேவை என்பது மட்டும் உறுதி. ரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு போன்றவற்றையும் அந்த மருத்துவர் பார்ப்பார். ஆலோசனை சிகிச்சையா, மருந்தா, இரண்டுமா என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். மருந்து எடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒரே வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். நண்பர் கிடைத்துவிட்டால் மருத்துவர் வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். நண்பர் மீது அந்தப் பாரத்தை முழுவதும் வைப்பது அவருக்கும் நல்லதில்லை.

படிப்பை விடலாமா?

இப்போது முடிவெடுக்காதீர்கள். மனச்சோர்வில் எதிர்காலம் மொத்தமும் ஒரே நிறத்தில் தெரியும். சிகிச்சை தொடங்கி, தூக்கம் திரும்பிய பிறகும் இந்தத் தொழில் வேண்டாம் என்றே தோன்றினால் அதை மதித்துப் பேசலாம். மருத்துவராகாமலும் நல்ல வாழ்க்கை வாழலாம்.

இடையில் விடுப்பு என்ற வழி இருக்கிறது. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். ஆனால் எல்லோரிடமிருந்தும் விலகி ஒரு அறையில் இன்னும் தனியாகக் கிடப்பதற்கான விடுப்பு உங்களுக்கு உதவாது. எடுப்பதானால், வருகைப் பதிவு என்னாகும், எந்தப் பேட்ச்சில் திரும்பச் சேருவீர்கள், விடுதி அறை இருக்குமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சில மருத்துவக் கல்லூரிகள் தொடக்க ஆண்டுகளில் தரவரிசையை எடுத்துவிட்டு, தேர்ச்சி உண்டா இல்லையா என்று மட்டும் அறிவித்தன. மாணவர்களின் மன அழுத்தம் குறைந்தது, தேர்வுத் திறன் குறையவில்லை. ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குள் ஒற்றுமை கூடியதும் பதிவாகியிருக்கிறது. இந்தத் தம்பி நண்பரைப் போட்டியாளராகப் பார்க்கத் தொடங்கியதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

கடைசியாக உங்கள் வீடு. வாரம் ஒருமுறை அம்மா கூப்பிடும்போது ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். ‘கொஞ்ச நாளா தூக்கமே வரலம்மா, மனசும் சரியில்ல, டாக்டரைப் பார்க்கப் போறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர்கள் பயப்படுவார்கள், நிறையக் கேட்பார்கள், கிளம்பி வருகிறேன் என்றுகூடச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டியதில்லை. ‘எனக்கும் இன்னும் தெரியலம்மா, பார்த்துட்டு வந்து சொல்றேன்’ என்றால் போதும். வரட்டுமா என்று அவர்கள் கேட்டால் மட்டும், வேண்டாம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள்.